மாமன் காதில் கட்டிய கயிறு

ஆஸ்பத்திரியில் யாராவது சிரித்த முகத்தோடு கட்டிலருகே வந்தால் என் மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள். வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் என்றில்லை, தரை துடைக்க வருகிற அம்மா சிரித்தாலும் அப்படித்தான். நான் சிரித்தாலும் அப்படித்தான். சிரிப்புக்குப் பின்னால் ஊசி வரும் என்பது ஆறு வயதில் அவளாகக் கண்டுபிடித்தது. அதை இல்லை என்று சொல்ல யாருக்கும் வாயில்லை.

பக்கத்துக் கட்டிலில் மகனோடு இருந்த சாயர்புரத்து டீச்சர், இதையெல்லாம் எழுதி வை, புதிதாக வருகிற தாய்மாருக்குப் பிரயோசனப்படும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குக் கப்பலேறப் போகிற கண்டெய்னர்களின் காகிதங்களைச் சரிபார்க்கிற வேலை. எழுத்தென்றால் அவ்வளவுதான் பழக்கம். எனக்கு வாய் நீளம் என்பது எங்கள் ஊர் திரேஸ்புரத்துக்கே தெரியும், கையும் அப்படியா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். மகள் மெர்சி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். முடி முளைத்துவிட்டது. வீட்டில் மாத்திரை, இடையிடையே ஆஸ்பத்திரி என்று வைத்தியம் ஓடுகிறது. கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது, அதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் வந்தது வெறும் காய்ச்சல். ஊர் முழுக்கக் காய்ச்சலாகக் கிடந்த சமயம், கஷாயம், மாத்திரை என்று ஓட்டினோம். பிறகு காலிலும் தோளிலும் நீலமாகக் கன்றிப் போயிருந்தது. பள்ளிக்கூடத்தில் எவளோடு மல்லுக்கட்டினாய் என்று அவளைத்தான் ஏசினேன். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் நிற்காமல் வந்த அன்றைக்குத்தான் பயம் பிடித்தது. எங்கள் தெரு டாக்டர் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடம் அது. வெள்ளை அணுக்கள் அங்கே முற்றாமல், ஒரு வேலைக்கும் ஆகாமல், கண்டபடி பெருகி மற்ற அணுக்களுக்கு இடமில்லாமல் பண்ணிவிட்டன என்று டாக்டர் வேதவல்லி விளக்கினார். ஸ்ரீவைகுண்டத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். ரத்தப் புற்றுநோய் என்ற சொல்லையும் மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னால் மட்டும் என்ன, இடி இடிதான். என் வீட்டுக்காரர் லூர்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகளுக்கு வருகிற இந்த வகை, மருந்துக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் வருஷக்கணக்கில் வைத்தியம், நடுவில் விட்டுவிடக்கூடாது என்று டாக்டர் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் காதில் விழவில்லை. வெளியே வந்ததும், "ஏளா, பொழைச்சிருவாளா?" என்று மட்டும் கேட்டார். பொழைப்பாள் என்று சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஊசிகளின் காலம். ரத்தம் எடுக்க ஊசி, மருந்து ஏற்ற ஊசி, ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு குறைந்தால் அதை ஏற்ற ஒரு ஊசி. பிள்ளையின் நரம்பு நூலாக இருந்தது. கிடைத்த நரம்பும் மருந்துக்குச் சுருங்கிப் போகும். ஒருநாள் நரம்பு பிடிபடாமல் கை, கால் என்று தேடியபோது நாலு பேராக அவளை அமுக்கிப் பிடித்தோம், நானும் ஒருத்தி. எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். எறும்பு இப்படியா கடிக்கும் என்று அவள் அலறிய அலறலில் கேள்வி இருந்தது.

அப்போதுதான் என் தம்பி கில்பர்ட் வார்டுக்குள் வந்து சேர்ந்தான்.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது, எங்கள் ஆட்கள் இப்போது குளிப்பது சங்குக்கு. லூர்து சங்கெடுக்கக் கடலுக்குக் கீழே இறங்குவார். மூச்சுக்காற்று டியூபில் போகும், இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மேலே வள்ளத்தில் நின்று அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவன் கில்பர்ட். பெண்சாதியின் கூடப்பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். அக்காள் தாலிக்கு ஆபத்து வர விடமாட்டான் என்கிற கணக்கு. கீழேயிருந்து கயிறு இரண்டு தரம் இழுபட்டால் உடனே தூக்கிவிட வேண்டும். ஏன், எதற்கு என்று யோசிக்கிற நேரமெல்லாம் கிடையாது.

இவ்வளவு பொறுப்பு அவன் கையில் இருக்கிறது என்று அவனைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். சரியான கோமாளி. மீன் ஏலம் விடுகிறவர்களின் குரல் அவனுக்கு அப்படியே வரும். வார்டுக்குள் நுழைந்த முதல் நாளே ஏலத்தை ஆரம்பித்துவிட்டான். மீந்துபோன இட்லி, மொட்டையடித்த தலைகள், சிஸ்டரம்மாவின் பேனா எல்லாம் ஏலத்துக்கு வந்தன. முகக்கவசம் போட்ட பிள்ளைகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து விலை கேட்டார்கள். கையுறையை ஊதிச் சேவலாக்கி அதற்கும் ஒரு விலை. சாயர்புரத்து டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். மெர்சியும் சிரித்தாள். நான் எழுந்து போய்ப் பாத்ரூமில் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

அந்தச் சிரிப்பை நாங்களே கெடுத்தோம். அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போது ஊசியைப் போட்டுவிட்டால் தெரியாது என்று சிஸ்டர் யோசனை சொன்னார், எனக்கும் நல்ல யோசனையாகப் பட்டது. கில்பர்ட் ஏலம் விட, மெர்சி விழுந்து விழுந்து சிரிக்க, பின்னாலிருந்து சிஸ்டர் வந்து காரியத்தை முடித்தார். வேலை சுலபமாகத்தான் முடிந்தது. ஆனால் அவள் கில்பர்ட்டை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் அவன் சேவலைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவள் கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. எவ்வளவோ கோணங்கித்தனம் பண்ணிப் பார்த்தான், உதடு அசையவில்லை. அவன் கண்ணில் நீர் முட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"யக்கா, அவளுக்குத் தெரியாம போட்டதுதான் தப்பு. இனி நான் இதுக்குச் சம்மதிக்க மாட்டேன்" என்றான்.

முதுகுத்தண்டில் போடுகிற ஊசிக்கு நாள் குறித்தது அந்தச் சமயத்தில்தான். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு நீர் இருக்கிறது. நரம்பில் ஏற்றுகிற மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது, நடுவில் வேலி போட்ட மாதிரி ஒரு தடுப்பு. நோய் அணு அங்கே போய் ஒளிந்துகொள்ளும். அதனால் இடுப்புக்கு மேலே முதுகெலும்பு இடுக்கில் ஊசி இறக்கி, அந்த நீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு மருந்தை நேராக உள்ளே விடுவார்கள். முதல் முறை மயக்க மருந்து கொடுத்துச் செய்ததால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த முறை நெஞ்சில் சளி. மயக்கம் கொடுத்தால் மூச்சுக்கு ஆபத்து, தள்ளிப்போட்டால் நோய்க்கு வசதி, விழித்திருக்கும்போதே செய்ய வேண்டும் என்றார் டாக்டர். தோல் மரத்துப்போகக் களிம்பு தடவுவார்கள், வலி பெரிதாக இருக்காது. ஆனால் அசையக் கூடாது.

அசைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

"ஊசி சின்ன ரத்தக்குழாய்ல பட்டா ரத்தம் அந்தத் தண்ணியில கலந்துரும்மா. நோய் அணு இருக்கிற ரத்தம். சுத்தமா இருக்கிற இடத்துக்கு நாமளே கொண்டு விட்ட மாதிரி ஆயிரும்" என்றார்.

அமுக்கிப் பிடித்தால் அவள் திமிறுவாள். சிரிக்க வைத்தால் சந்தேகப்படுவாள். இப்படி ஒரு பிள்ளையை எப்படி ஆடாமல் அசையாமல் படுக்க வைப்பது. எனக்குச் சோறு இறங்கவில்லை. லூர்து ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தடியிலேயே கிடந்தார். கில்பர்ட் வார்டில் இருந்ததால் அவர் கடலுக்கும் போகவில்லை. வேறு ஆளைக் கயிறு பிடிக்கச் சொல்லிப் போய் வாருங்களேன் என்றேன். என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவளைப் போலப் பார்த்தார்.

கில்பர்ட்தான் அந்த விளையாட்டைக் கொண்டுவந்தான். இந்தத் தடவை மறைக்கவில்லை. ஊசி எங்கே போடுவார்கள், எதற்குப் போடுவார்கள் என்று டாக்டரையே மெர்சியிடம் சொல்லச் சொன்னான். பிறகு, நீ அப்பாவைப் போலக் கீழே இறங்குகிறாய், நான் வள்ளத்தில் நிற்கிறேன், கயிறு உன் கையில், முடியவில்லை என்றால் இரண்டு தரம் இழு என்றான். அவள் நம்பாமல் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் சரி என்று தலையாட்டினார். சிஸ்டர் பேண்டேஜ் துணி ஒரு சுருள் கொடுத்தார். அதன் ஒரு முனை மெர்சியின் மணிக்கட்டில், மறுமுனை கில்பர்ட் கையில்.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஏலக் குரல் கேட்டது, கொஞ்ச நேரத்தில் நின்றது. பிறகு டாக்டர் வேதவல்லி சத்தம் போட்டார். அவருக்குச் சத்தம் போடத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடந்தது இதுதான். முதுகில் ஊசியின் நுனி தொட்டதும் மெர்சி இரண்டு தரம் இழுத்திருக்கிறாள். கயிறு இழுபட்டதும் கில்பர்ட் நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை, யோசிக்கவில்லை, தூக்கிவிட்டான். வருஷக்கணக்காக வள்ளத்தில் பழகிய கை. பிள்ளை கையோடு தோளும் எழுந்து உடம்பே புரண்டுவிட்டது. டாக்டர் மின்னல் வேகத்தில் ஊசியை எடுத்ததால் தப்பித்தோம். தோலுக்கு மேலே ஒரு பொட்டு ரத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொன்னதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

கில்பர்ட் வெளியே வந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றான். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவனைத் திட்டினேன். உன் கோமாளித்தனத்தை வீட்டோடு வைத்துக்கொள், என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தாயே என்றும் சொன்னேன். இனி கில்பர்ட் ஊசி போடுகிற அறைக்குள் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம், சளி குறையாவிட்டால் ஆட்களை வைத்துப் பிடித்துத்தான் ஆக வேண்டும் என்றார்.

சளி குறையவில்லை. ஆனால் மெர்சியிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. ஊசி தவறிய அன்று மத்தியானமே மாமா எங்கே என்று கேட்டாள். அவன் கதவோரம் தயங்கி நின்றதும் கையை முன்னால் நீட்டி, வா என்று கூப்பிட்டாள். என்னிடம் ரகசியம் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"மாமா தூக்கிட்டாம்மா. நான் இழுத்த ஒடனே தூக்கிட்டான்."

ஊசி ஆரம்பித்த நாள்முதலாக அவள் சொன்னதை யாரும் கேட்டதில்லை. போதும் என்றால் போதாது என்றோம். வேண்டாம் என்றால் இதோ முடிந்தது என்றோம். முதல் தடவையாக ஒருத்தன் அவள் சொன்னதும் சொன்னபடி செய்திருக்கிறான், அதுவும் டாக்டரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு. எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நேரே டாக்டர் அறைக்குப் போய் அவள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார்.

"அவ இழுத்தா நான் நிறுத்திருவேன். ஊசி உள்ள இருந்தாலும் கையை அசைக்காம அப்படியே பிடிச்சுக்கிட்டு இருப்பேன். ஆனா உங்க தம்பி கையை நம்ப மாட்டேன்" என்றார். பிறகு சிரிக்காமலே, "காதுல கட்டிருங்க" என்றார்.

அப்படித்தான் கட்டினோம். அந்த இரண்டு நாள் கழிந்த காலையில் சிஸ்டரே கில்பர்ட்டின் இடது காதில் பேண்டேஜ் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார். அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு மேஜைக்கு முன்னால் முட்டி போட்டான். வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையில் என்னையும் சுவரோரம் நிற்கவிட்டார்கள். வாயைத் திறக்காமல் நான் இருந்த நேரம் என் வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான்.

மெர்சி ஒருக்களித்து, முட்டியை வயிற்றோடு சேர்த்து, இறால் மாதிரி சுருண்டு படுத்தாள். சிஸ்டர் தோளில் கையை வைத்தார், அமுக்கவில்லை. ஊசி போடுமுன் டாக்டரே, ஒரு தடவை இழுத்துப் பார் என்றார். அவள் இரண்டு தரம் இழுத்தாள். கில்பர்ட்டின் தலை இரண்டு தரம் சாய்ந்தது. "நிறுத்தியாச்சு" என்றான். டாக்டர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். மெர்சி மூச்சை இழுத்துவிட்டு, சரி என்றாள்.

பிறகு ஏலம் ஆரம்பித்தது. ஒரு காது நீண்ட மாமன் ஒருத்தன் வந்திருக்கிறான், கருவாடாக்கினால் மூன்று நாள் வரும், யார் கேட்கிறீர்கள் என்று கில்பர்ட் மெல்லிய குரலில் விலை கூறினான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். வாய்தான் கோமாளித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது. கண் இமைக்கவில்லை, கயிற்றை விட்டு நகரவில்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. பெண்கள் நாங்கள் வள்ளத்தில் போவதில்லை. கடலுக்கு நடுவில் என் புருஷனை இவன் பிடித்துக்கொண்டிருக்கும்போது இவன் முகம் இப்படித்தான் இருக்கும் என்று அங்கே நின்றபோது புரிந்தது.

ஊசி இறங்கியது. மெர்சியின் புருவம் சுருங்கியது. உடம்பு அசையவில்லை. ஊசியின் வெளிமுனையிலிருந்து அந்த நீரின் முதல் சொட்டு எப்போது விழும் என்று டாக்டர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிறு இரண்டு தரம் இழுபட்டது.

"நிறுத்தியாச்சு" என்றான் கில்பர்ட். பின்னால் கட்டியிருந்த அவன் கைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன, விரல் வெளுத்துவிட்டது. டாக்டர் அப்படியே உறைந்து நின்றார். ஊசி உள்ளேதான் இருந்தது. ஏன் மெர்சி, வலிக்கிறதா என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"இல்ல. மாமா இருக்கியான்னு பாத்தேன்."

கில்பர்ட் "இங்கனதான் இருக்கேன்" என்றான்.

"அப்போ செய்ங்க" என்றாள் டாக்டரிடம்.

சொட்டு விழுந்தது. கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் போலத் தெளிவாக விழுந்தது. அடுத்ததும் அப்படியே. டாக்டர் திரும்பி அந்தக் குழாயை எனக்குத் தூக்கிக் காட்டினார். நிபந்தனையை மறந்து, மாதாவே என்று சொல்லிவிட்டேன். மருந்து உள்ளே போய், ஊசி வெளியே வந்து, பிளாஸ்திரி ஒட்டி, மெர்சியை மல்லாக்கப் படுக்க வைத்த பிறகும் கில்பர்ட் முட்டியிலேயே இருந்தான். எழுந்திரு, முடிந்தது என்றேன். ஆள் வள்ளத்தில் கையை வைக்கிற வரைக்கும் நகர முடியாது என்றான். மெர்சி கையை நீட்டி அவன் மூக்கைத் தொட்டாள். அதற்கப்புறம்தான் எழுந்தான். காது பழமாகச் சிவந்திருந்தது.

வேப்பமரத்தடிக்குப் போய் லூர்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருக்கியான்னு பாத்தேன் என்றாள் என்று சொன்ன இடத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நானும் அப்படித்தாம்ளா. கீழ கலங்கலா கெடந்தா, ஒண்ணும் தெரியலன்னா, ஒரு இழுப்பு இழுத்துப் பாப்பேன். அவனும் ஒண்ணு இழுப்பான். மேல வந்து ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கிட மாட்டோம்" என்றார்.

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்கு இது தெரியாது. கில்பர்ட்டிடம் நான் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவன் எனக்கு இடம் கொடுக்காமல் என் செருப்பை ஏலத்துக்கு விட ஆரம்பித்துவிட்டான்.

சளி குறைந்த பிறகு, இனி மயக்கம் கொடுத்தே செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். மெர்சி ஒத்துக்கொள்ளவில்லை. கயிறு இருந்தால் போதும் என்றாள். அடுத்த ஊசி வந்தபோது லூர்தும் கில்பர்ட்டும் கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள், அன்றைக்கும் கடலில்தான் இருந்தார்கள். மாமா வருகிற நாளாகப் பார்த்து வைக்கலாமா என்று டாக்டர் அவளைக் கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, பேண்டேஜ் சுருளை எடுத்து என்னிடம் நீட்டினாள். கம்மலைக் கழற்றிக்கோ என்றாள்.

முட்டி போட்டேன். எனக்கு ஏலம் விடத் தெரியாது. ஆபீஸில் அன்றைக்கு எந்தக் கண்டெய்னரில் என்ன ஏறுகிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். முருங்கையிலைப் பொடி, தீப்பெட்டி, உப்பு. சிரிப்பு வருகிற பேச்சே இல்லை. ஆனால் அவள் கைகள் முதுகுக்குப் பின்னால் போகவில்லை, என் முகத்துக்கு முன்னாலேயே இருந்தன. ஊசி இறங்கியது, சொட்டு தெளிவாக விழுந்தது, மருந்து போனது. கயிறு தொய்வாகவே கிடந்தது. மாமனை இழுத்துப் பார்த்தவள் என்னை இழுக்கவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது.

ஊசியை வெளியே எடுத்து, பிளாஸ்திரியும் ஒட்டி முடித்தார்கள். அதற்குப் பிறகு, என் தலையே சாயும்படி, இரண்டு தரம் இழுத்தாள்.

"இருக்கேன்" என்றேன்.

காது வலிக்கிறதா, கண்ணெல்லாம் கலங்கியிருக்கிறதே என்று டாக்டர் கேட்டார். ஆமாம் டாக்டர், காதுதான் என்றேன்.